பத்தாயிரத்தில் ஒன்று: பாலத்துக்கு எவ்வளவு ஆபத்து சரி?

2024 மார்ச் 26, அதிகாலை ஒன்றரை மணி. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'டாலி' சரக்குக் கப்பலில் கரண்ட் போய்விட்டது. கட்டுப்பாடு இழந்த கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோத, சில நொடிகளில் பாலத்தின் நடுப்பகுதி ஆற்றுக்குள் சரிந்தது. கப்பலிலிருந்து வந்த அபாயச் செய்தியைக் கேட்டு போலீசார் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், ஆனால் மேலே ரோட்டுக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

அவ்வளவு பெரிய கப்பல் மோதினால் எந்தப் பாலம்தான் நிற்கும் என்று தோன்றும். ஆனால் இதை முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வழியே வருடத்துக்கு எத்தனை கப்பல் போகிறது, அதில் ஒன்று தடம் மாற எவ்வளவு வாய்ப்பு, மாறியது தூணில் பட எவ்வளவு, பட்டால் பாலம் விழ எவ்வளவு, தூணைச் சுற்றியுள்ள தடுப்பு அதை எவ்வளவு குறைக்கும், எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். முக்கியமான பாலமென்றால் விடை வருடத்துக்கு 10,000-இல் 1-ஐத் தாண்டக் கூடாது. பாலம் 10,000 வருடம் நிற்கும் என்று இதற்கு அர்த்தமில்லை, நாளைக்கே கூட விழலாம். பூஜ்ஜியம்தான் வேண்டுமென்றால் பாலமே கட்ட முடியாது, அதனால்தான் எங்கேயோ ஒரு கோடு போடுகிறார்கள்.

கீ பாலம் திறந்தது 1977-இல், இந்தக் கணக்கைப் போடச் சொல்லும் வழிகாட்டி வந்தது 1991-இல். நடுவில் 1980-இல் ஒரு கப்பல் இதே பாலத்தில் இடித்து, லேசான சேதத்தோடு போயிற்று. டாலி அதைப்போல் சுமார் பத்து மடங்கு பெரியது. பாலம் அப்படியேதான் இருந்தது, கப்பல்கள் வளர்ந்துகொண்டே போயின, கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான். விபத்துக்கு அப்புறம் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் போட்டுப் பார்த்தபோது, விடை வரம்பைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு! அதாவது வருடத்துக்கு 1,000-இல் 3. கேட்க அற்பமாக இருக்கும், 50 வருடம் அப்படியே விட்டால் 100-க்கு 14 ஆகிவிடும்.

கரண்ட் ஏன் போயிற்று? ஒரு ஒயரின் நுனியில் மாட்டிய லேபிள் இடிக்க, ஒயர் அதைச் செருகும் இணைப்புக்குள் முழுசாக இறங்காமல் நின்று, பிறகு கழன்றுவிட்டது. கணக்கில் 'தடம் மாறும் வாய்ப்பு' என்று எழுதும் சின்ன எண்ணுக்குள் இப்படிப்பட்டவைதான் இருக்கின்றன.

விடை கோட்டைத் தாண்டினால் உடனே பாலத்தை இடிக்க வேண்டியதில்லை. தூணைச் சுற்றிப் பாறை கொட்டித் தீவு அமைக்கலாம், காப்புத் தூண்கள் நடலாம், இழுவைப் படகு கூடவே வரச் சொல்லலாம். 2025 மார்ச்சில் வாரியம் 1991-க்கு முன் வடிவமைத்த 68 பாலங்களைப் பட்டியலிட்டு, முதலில் அந்தப் பெருக்கலைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறது.