தோற்ற அணிக்கு எதற்குப் பணம்?

ஐவர் கொண்ட இரண்டு அணிகள் சுட்டு மோதும் கணினி ஆட்டம் கவுண்டர்-ஸ்டிரைக். அதன் முதல் சுற்றில், ஆயுதம் வாங்குவதற்கான ஆட்டப் பணமாக ஒவ்வொருவர் கையிலும் 800 டாலர் இருக்கும். தலைக்கவசம் இல்லாத கவச உடை 650 டாலர் என்பதால், அதை வாங்கியவருக்குக் கையில் இருக்கும் சாதாரணக் கைத்துப்பாக்கிதான் கதி. அந்தச் சுற்றில் எதிரணியின் ஐவரையும் வீழ்த்தும் அணிக்கு ஆளுக்கு 3250 டாலர் கிடைக்கிறது. பிழைத்தவர்கள் தங்கள் ஆயுதத்தை அடுத்த சுற்றுக்கும் எடுத்துச் செல்லலாம். செத்தவர்களோ எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அது அப்படியே இங்கு நடக்கிறது. வென்றவருக்கு நல்ல துப்பாக்கி, அதனால் மீண்டும் வெற்றி, அதனால் மேலும் பணம் என்று இந்தச் சுழல் தடையின்றி ஓடினால், முதல் சுற்றிலேயே ஆட்டம் முடிந்துபோன மாதிரிதான். பொறியியலில் இதை நேர்மறைப் பின்னூட்டம் என்பார்கள்.

இதைத் தணிக்கத்தான் தோற்றவர்களுக்கும் பணம் தரப்படுகிறது. முதல் சுற்றில் தோற்ற அணிக்கு ஆளுக்கு 1900 டாலர். அடுத்ததிலும் தோற்றால் 2400. அப்படியே ஐந்நூறு ஐந்நூறாக ஏறி 3400 டாலரில் நிற்கும். கையில் 1900 டாலரோடு இரண்டாவது சுற்றில் நிற்கும் ஆட்டக்காரரின் கணக்கைப் பார்ப்போம். உடனே மலிவான துப்பாக்கி ஒன்றை வாங்கி மோதித் தோற்றால், மூன்றாவது சுற்றில் ஏறக்குறைய 2400 டாலர்தான் மிஞ்சும்; அதில் 2700 டாலர் ஏகே-47 வாங்க முடியாது. மாறாக, அந்தச் சுற்றை எக்கோ ரவுண்டாக, அதாவது ஒன்றும் வாங்காமல் விட்டுக்கொடுத்தால், 1900-உம் 2400-உம் சேர்ந்து 4300 ஆகிறது. ஏகே-47, தலைக்கவசத்துடன் கூடிய 1000 டாலர் கவசம் இரண்டையும் வாங்கியபின், கையெறி குண்டுகளுக்கு 600 டாலர் மீதம் இருக்கும். ஆக, தோற்றவருக்குக் கிடைக்கும் பணம் அவரை உடனே மீட்டுவிடுவதில்லை; ஒரு சுற்றை விலையாகக் கொடுத்தால் மீளலாம் என்ற வழியை மட்டுமே அவருக்குத் திறந்து வைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நெடுநாள் ஒரு குறை இருந்தது. தொடர்ந்து தோற்றுவந்த அணி அரும்பாடுபட்டு ஒரு சுற்றை வென்றவுடன், அதன் தோல்விக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும்; அடுத்த சுற்றில் தோற்றால் கிடைப்பது அன்றைய ஆரம்பத் தொகையான வெறும் 1400 டாலர். வென்றதற்காகவே தண்டிக்கப்பட்டது போன்ற நிலை அது. 2019-இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, ஒரு வெற்றி அந்தக் கணக்கை ஒரு படி மட்டுமே இறக்குகிறது. எந்தத் துப்பாக்கியின் வலிமையிலும் கைவைக்காமல் ஆட்டத்தின் சமநிலையை இவ்வளவு திருத்திய மாற்றங்கள் மிகக் குறைவு என்பது என் கருத்து.

பணமே இல்லாத ஆட்டத்தில் இந்தப் பங்கீட்டை எப்படிச் செய்வது? 1999-இல் வந்த குவேக் 3 அரீனாவில் ஆயுதங்கள் களத்தில் குறிப்பிட்ட இடங்களில் கிடக்கும். எடுத்தால் மறைந்து, அணி பிரியாமல் ஒவ்வொருவரும் தனித்து மோதும் முறையில் 5 வினாடி கழித்து மீண்டும் தோன்றும். அப்படியானால் ராக்கெட் லாஞ்சரின் அருகிலேயே நின்று ராக்கெட்டுகளைக் குவித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 2005-இல் பொதுவில் வெளியிடப்பட்ட அதன் மூலநிரலைப் படித்தால், அதைத் தடுக்கும் சில வரிகளைக் காணலாம். ஒரு லாஞ்சருக்குரிய அளவு 10 ராக்கெட். உங்களிடம் 3 இருந்தால், அதை எடுக்கும்போது 7 சேர்த்துப் பத்தாக்கும். ஏற்கெனவே 10 இருந்தால் ஒன்றே ஒன்றுதான் தரும். இல்லாதவருக்கு நிரப்புவது, இருப்பவருக்குக் கிள்ளிக் கொடுப்பது என்ற இந்த விதியை ஒரே ஒரு ஒப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 0.8 வினாடிக்கு ஒரு முறை சுடும் ஆயுதம் என்பதால், அந்தப் பத்தும் எட்டு வினாடியில் தீர்ந்துவிடும். பத்துக்கு மேல் விரைவாகச் சேர்க்க நினைப்பவர், ஐந்து ராக்கெட் கொண்ட, எடுத்தபின் 40 வினாடி கழித்தே மீண்டும் தோன்றும் பெட்டிகளைத் தேடிக் களத்தில் அலைய வேண்டும்; அலைபவர் எதிரியின் கண்ணில் படுவார்.

கவுண்டர்-ஸ்டிரைக்கும் தோட்டா எண்ணிக்கையை இப்படிக் கருவியாக்கியதுண்டு. ஆடுவோர் ஆப் (AWP) என்று அழைக்கும், தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கியின் விலை 4750 டாலர். உடலில் பட்டால் பெரும்பாலும் ஒரே குண்டில் ஆள் விழுவார். ஏகே-47 கொண்டு ஒருவரை வீழ்த்தினால் 300 டாலர் கிடைக்க, இதில் 100 டாலர்தான். இத்தனை கட்டுப்பாடுகளுக்குப் பிறகும், 10 தோட்டா கொண்ட மேகசினோடு ஒரு மூலையில் நிற்பவர், புகைக்குண்டு எழுப்பும் புகைக்குள்ளும் மெல்லிய சுவர் வழியாகவும் தாராளமாகச் சுட்டுப்பார்க்க முடிந்தது. 2022 நவம்பரில் அந்த மேகசினை 5 தோட்டாவாகக் குறைத்தார்கள். விலையும் வலிமையும் அப்படியே இருந்தன. குத்துமதிப்பாகச் சுடும் ஒவ்வொரு குண்டும் மட்டும் மதிப்புமிக்கதாகிவிட்டது. இப்போது எதிரணியினரும் சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவது குண்டு வெடித்ததும், அவர் மேகசினை மாற்றி முடிப்பதற்குள் மூலையை நோக்கி ஓடி வருவார்கள்.