செங்குத்து ஆன்டெனாவின் மறுபாதி

ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கு உரிமம் பெற்ற ஒருவருக்கு 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் ஆகிய நான்கு பேண்டுகளிலும் (அதிர்வெண் பட்டைகளிலும்) பேச வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, ஆனால் இடம் குறுகலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு, நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பியான டைபோல் ஆன்டெனாவைக் கட்டுவதென்றால் 20 மீட்டர் நீளக் கம்பியும், அதை இழுத்துக் கட்ட உயரமான இரண்டு தாங்கல்களும் வேண்டும். அதே பேண்டுக்கு ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் 10 மீட்டர் உயரம் போதும். தரையில் அது பிடிக்கும் இடம் ஒரு கம்பத்தின் தடிமன் மட்டுமே. இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பிச் செங்குத்து ஆன்டெனாவைத் தொடங்குகிறவர்கள் பலர். அந்த வாக்கியம் பாதிதான் உண்மை என்பதைப் புரிந்துகொண்டால், இந்த ஆன்டெனாவை வீட்டிலேயே சிறப்பாகக் கட்டிவிடலாம்.

முதலில், நிற்கும் பாதியைப் பார்ப்போம். ரேடியோ அலையின் நீளத்தை மீட்டரில் அறிய, 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 21.1 மீட்டர், அதில் கால் பங்கு 5.28 மீட்டர். கால் அலைநீளக் கம்பியின் அடியில் டிரான்ஸ்சீவரிலிருந்து (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோவிலிருந்து) வரும் மின்னோட்டம் மேலே ஏறி, நுனியில் மேற்கொண்டு போக வழியின்றித் திரும்புகிறது. ஏறும் அலையும் இறங்கும் அலையும் சேர்ந்து கம்பியில் ஒரு நிலை அலையை உருவாக்குகின்றன: நுனியில் மின்னோட்டம் சுழி, மின்னழுத்தம் உச்சம், அடியில் மின்னோட்டம் உச்சம், மின்னழுத்தம் குறைவு. பள்ளி இயற்பியலில் படித்த மூடிய ஆர்கன் குழாயின் கதைதான் இது. குழாயின் மூடிய முனையில் காற்று அசைய முடியாததுபோல, இங்கே கம்பியின் நுனியில் மின்னோட்டம் அசைய முடியாது. அந்தக் குழாய்க்கு முனைத்திருத்தம் உண்டு என்று படித்திருப்போம். கம்பிக்கும் அப்படி ஒரு திருத்தம் உண்டு. அதனால் நடைமுறையில் கம்பி கணக்கைவிட ஏறக்குறைய 5 விழுக்காடு குட்டையாக இருக்க வேண்டும். 71.3 ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் நீளம் நல்ல தொடக்கம்: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 10.04 மீட்டர், 14.2 க்கு 5.02 மீட்டர், 28.5 க்கு 2.50 மீட்டர். பிளாஸ்டிக் உறையுள்ள கம்பியானால் இன்னும் சில விழுக்காடு குறையும்.

இப்போது மறுபாதிக்கு வருவோம். டைபோலுக்கு இரண்டு கைகள். ஒரு கையில் மின்னோட்டம் ஏறும் கணத்தில் மற்றொரு கையிலிருந்து அது இறங்கி வருகிறது. செங்குத்துக் கம்பியில் ஒரு கை மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கேபிளின் நடுக்கம்பியிலிருந்து மேலே போகும் மின்னோட்டத்துக்குச் சமமான மின்னோட்டம், எங்கிருந்தாவது கேபிளின் வெளிக்கூட்டுக்கு வந்து சேர்ந்தே ஆக வேண்டும். அது தரை வழியாகத்தான் வருகிறது. கம்பிக்கும் தரைக்கும் இடையிலான மின்புலம் கம்பத்தைச் சுற்றிப் பல மீட்டர் தூரத்துக்குப் பரவி மண்ணில் இறங்குகிறது. அங்கிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் ஊர்ந்து கம்பத்தின் அடிக்குத் திரும்புகிறது. மண் நல்ல மின்கடத்தி அன்று. அந்தப் பயணத்தில் செலவாகும் ஆற்றல் மண்ணைச் சூடாக்குவதற்கே போகிறது.

முழுமையாகக் கடத்தும் தரைமேல் நிற்கும் கால் அலை ஆன்டெனாவின் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ 36 ஓம். இது உண்மையான தடையன்று; அலையாக வெளியேறும் ஆற்றலுக்கு நாம் வைத்திருக்கும் கணக்கு. தரையின் இழப்புத் தடை இதனுடன் தொடராகச் சேர்கிறது. தரை இழப்பு 14 ஓம் என்றால் மொத்தம் 50 ஓம். கேபிளும் 50 ஓம் என்பதால், கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், முழுப் பொருத்தத்தைக் குறிக்கும் 1 ஐக் காட்டும். பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் நூற்றில் 28 பங்கு ஆற்றல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கம்பத்தின் அடியிலிருந்து சக்கர ஆரங்கள்போலத் தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகளைக் கூட்டித் தரை இழப்பை 4 ஓமுக்குக் குறைத்தால் மொத்தம் 40 ஓம், மீட்டர் 1.25 என்று சற்று ஏறிக் காட்டும், ஆனால் ஆற்றலில் 90 விழுக்காடு வானத்துக்குப் போகும். மீட்டரின் எண் கெட்டுப்போன அதே நேரத்தில் ஆன்டெனா மேம்பட்டிருக்கிறது.

இதை நான் கணக்கில் கற்றுக்கொள்ளவில்லை. என் முதல் செங்குத்து ஆன்டெனா 7 மெகாஹெர்ட்ஸுக்கானது. 5 மீட்டர் உயரம்தான், பற்றாத நீளத்தை அடியில் ஒரு சுருள் வைத்து ஈடுகட்டியிருந்தேன். தரைக்கென்று ஒரே ஒரு எர்த் ராடு அடித்திருந்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 வந்தது. இரண்டு வாரம் அழைத்தும் பதில் சொன்னவர்கள் மிகச் சிலரே. பிறகு பழைய வயர்களைக் கோத்து நான்கு மீட்டர் நீளத்தில் பதினாறு ரேடியல்களைத் தரையில் விரித்தபோது மீட்டர் 2 ஐத் தாண்டியது. ஆன்டெனாவைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அன்று மாலையே, அதுவரை என்னைக் கேட்காத நிலையங்கள் முதல் அழைப்பிலேயே பதில் கொடுத்தன. காரணம் பின்னர்தான் விளங்கியது. அவ்வளவு குட்டையான ஆன்டெனாவின் கதிர்வீச்சு மின்தடை 6 ஓம் அளவில்தான் இருக்கும்; மீட்டர் 50 ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது என்றால் மீதி 40 ஓமுக்கு மேற்பட்டது முழுவதும் இழப்பு. எட்டில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் நான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு இணைக்கும் 50 ஓம் தடையான டம்மி லோடும் எஸ்.டபிள்யூ.ஆர். 1 தான் காட்டும், அது எதையும் ஒலிபரப்புவதில்லை என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை ரேடியல் வேண்டும் என்ற கேள்விக்கு முறையான அளவீட்டுடன் பதில் வந்தது 1937 இல். அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ.வைச் சேர்ந்த பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் ரேடியல்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றிமாற்றி அளந்து வெளியிட்ட ஆய்வுதான், நடுத்தர அலை ஒலிபரப்புக் கோபுரங்களின் அடியில் 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கத்துக்கு அடித்தளமானது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. நான்கிலிருந்து பதினாறுக்குப் போவதில் கிடைக்கும் பலன் பெரிது. பதினாறிலிருந்து முப்பத்திரண்டுக்குப் போவதில் கொஞ்சம். அதற்குமேல் மிகக் கொஞ்சம். கம்பி அளவாகத்தான் கையில் இருக்கிறது என்றால், நீளமான சில ரேடியல்களைவிடக் குட்டையான பல ரேடியல்களே மேல், ஏனெனில் மின்னோட்டம் செறிவாக இருப்பது கம்பத்தின் அடியைச் சுற்றித்தான். தரைமேல் கிடக்கும் ரேடியலின் நீளத்தைத் துல்லியமாக வெட்ட வேண்டியதும் இல்லை. மண்ணின் அருகாமை அதன் ஒத்ததிர்வைக் குலைத்துவிடுகிறது. மொட்டைமாடியில் ஆன்டெனாவை உயர்த்தி நிறுத்துகிறவர்களின் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு பேண்டுக்கும் எதிரெதிராக இரண்டு கால் அலை ரேடியல்கள் போதும், ஆனால் அவற்றைச் சரியான நீளத்துக்கு வெட்ட வேண்டும்.

இனி ஒரே ஆன்டெனாவில் பல பேண்டுகள் எப்படி அமைகின்றன என்று பார்ப்போம். பழைய வழி ட்ராப். ஒரு சுருளையும் ஒரு மின்தேக்கியையும் இணையாகக் கட்டினால், அவற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் அந்தக் கூட்டு மிக உயர்ந்த மின்னெதிர்ப்பைக் காட்டும். 2.5 மைக்ரோஹென்றி சுருளும் 50 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் அது 14.2 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். அதை 5 மீட்டர் உயரத்தில் வைத்தால் 14 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டத்துக்கு அங்கே கதவு சாத்தியிருக்கும். கம்பி அத்துடன் முடிந்ததாகவே அது கொள்ளும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அதே ட்ராப் ஒரு சாதாரணச் சுருள்போல நடந்துகொள்வதால் மின்னோட்டம் கடந்து மேலே போகும், மொத்த உயரமும் 10 மீட்டரைவிடக் குறையும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ட்ராப்பில் உயர் மின்னழுத்தம் நிற்கிறது, சுருளில் இழப்பு உண்டு, மழைநீர் புகுந்தால் ஒத்ததிர்வு நகர்ந்துவிடும். முதன்முதலாகக் கட்டுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது, ஒரே அடியிலிருந்து மூன்று கம்பிகளை இணையாக மேலே கொண்டுசெல்லும் முறை: 10 மீட்டர், 5 மீட்டர், 2.5 மீட்டர். 14 மெகாஹெர்ட்ஸில் அழைக்கும்போது 5 மீட்டர் கம்பி கால் அலை, 36 ஓம்தான் காட்டும். 10 மீட்டர் கம்பியோ அந்த அதிர்வெண்ணில் அரை அலை. அரை அலைக் கம்பியின் அடியில் மின்னோட்டம் சுழியை ஒட்டியிருப்பதால் அதன் மின்னெதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓம். 2.5 மீட்டர் கம்பி கால் அலையை எட்டாததால் மின்தேக்கிபோல நின்று சில நூறு ஓம் காட்டும். மூன்று பாதைகளில் தடை குறைந்ததை மின்னோட்டம் தானே தேர்ந்துகொள்கிறது. சுவிட்ச் எதுவும் தேவையில்லை. 28 மெகாஹெர்ட்ஸில் 2.5 மீட்டர் கம்பி கால் அலை, மற்ற இரண்டும் அரை அலையும் முழு அலையும், இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். 7, 14, 28 என்ற எண்கள் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாக அமைந்திருப்பது இந்த ஆன்டெனாவுக்குக் கிடைத்த பெரும் வசதி.

21 மெகாஹெர்ட்ஸ் எங்கே என்று கேட்கலாம். மூடிய ஆர்கன் குழாய் ஒற்றைப்படை மேற்சுரங்களை மட்டுமே எழுப்பும் அல்லவா? அதேபோல 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி அதன் மூன்று மடங்கிலும் ஒத்ததிர்கிறது. அங்கே அது முக்கால் அலை. முனைத்திருத்தம் நுனியில் ஒருமுறைதான் வருகிறது என்பதால் இந்த ஒத்ததிர்வு சரியாக மூன்று மடங்கில் நிற்காமல் சற்று மேலே, பெரும்பாலும் பேண்டின் மேல்விளிம்பான 21.45 ஐயும் தாண்டி நிற்கும். பொருத்தத்தைச் சரிசெய்யும் டியூனர் என்ற கருவி அதைச் சமாளிக்கும். ஆனால் முக்கால் அலைக் கம்பி ஆற்றலின் பெரும்பகுதியை 45 பாகையை ஒட்டிய உயரத்துக்கு அனுப்புகிறது. தொலைதூரத் தொடர்புக்கு இது குறைதான்.

கட்டுவதற்குக் கண்ணாடி இழையாலான 10 மீட்டர் கம்பம் மிகவும் ஏற்றது. கார்பன் இழைக் கம்பம் வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும். நீளமான கம்பியைக் கம்பத்தோடு ஒட்டி நேராக மேலே கொண்டுபோய், மற்ற இரண்டையும் பிளாஸ்டிக் துண்டுகளால் 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும், ஏனெனில் நெருங்கினால் ஒன்றின் ஒத்ததிர்வை மற்றது இழுக்கும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே மெல்லிய கம்பியே போதும், ஆனால் இணைப்புகளைச் சாலிடர் செய்து நீர் புகாமல் மூட வேண்டும். அடியில் கேபிளை ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கேபிளின் வெளிக்கூடே தன்னை ஒரு ரேடியலாக்கிக்கொண்டு உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும்.

வெட்டிச் சரிசெய்யும் வேலைக்குப் பொறுமை வேண்டும். கம்பியைக் கணக்கைவிட நீளமாக வெட்டி, எங்கே எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். 5.20 மீட்டர் கம்பி 13.70 மெகாஹெர்ட்ஸில் குறைகிறது, நமக்கு 14.15 வேண்டும் என்றால், 5.20 ஐ 13.70 ஆல் பெருக்கி 14.15 ஆல் வகுக்க வேண்டும், விடை 5.03 மீட்டர். 17 சென்டிமீட்டர் அதிகம். அதை வெட்டாமல், நுனியை மடக்கித் தன்மேலேயே நெருக்கமாக முறுக்கிவிட்டு அளந்துபார்ப்பது நல்லது, ஏனென்றால் வெட்டிய கம்பி வளராது. ஒரு கம்பியை மாற்றினால் மற்றவையும் சற்று நகரும் என்பதால், நீளமானதில் தொடங்கிக் குட்டையானதில் முடித்து, இன்னொரு சுற்றும் வர வேண்டும். ரேடியல்களை விரித்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் அதை நிறுத்த வேண்டும். இதில் தளர்வே கூடாது. 100 வாட்டிலேயே கம்பியின் நுனியிலும் உயர்த்திய ரேடியல்களின் நுனியிலும் தோலைச் சுடும் அளவுக்கு மின்னழுத்தம் நிற்கும் என்பதால், அவை யாருடைய கைக்கும் எட்டக் கூடாது. இடி மின்னல் வரும் நாளில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவது வழக்கமாக வேண்டும்.

இந்த ஆன்டெனா தாழ்ந்த கோணத்தில் அலையை அனுப்புகிறது. தரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள, அயனிமண்டலத்தின் எஃப் அடுக்கில் அந்த அலை பட்டுத் திரும்பும்போது, ஒரே தாவலில் 3000 கிலோமீட்டருக்கு மேல் போக முடியும். தலைக்கு நேர் மேலே இது ஏறக்குறைய எதையும் அனுப்புவதில்லை. எனவே 7 மெகாஹெர்ட்ஸில் 200, 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நண்பரைத் தாழ்வாகக் கட்டிய டைபோலே நன்றாக எட்டும்.

ரேடியல்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை மீட்டர் சொல்லாது என்றால், யார் சொல்வது? இதற்கு இன்று நல்ல வழி இருக்கிறது. இரட்டைப் பல்சரைக் கண்டறிந்ததற்காக 1993 இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவர் 2008 இல் வெளியிட்ட விஸ்பர் என்ற முறை, இரண்டு நிமிட இடைவெளிக்குள் மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு குறுஞ்செய்தியை அனுப்ப, உலகெங்கும் உள்ள நிலையங்கள் அதைக் கேட்டு, இரைச்சலைவிட அது எத்தனை டெசிபல் மேலே அல்லது கீழே இருந்தது என்று பதிந்துவிடுகின்றன. நான்கு ரேடியல்களோடு சில மாலைகள், பதினாறோடு அதே நேரத்தில் சில மாலைகள் என்று அனுப்பி, இரண்டிலும் கேட்ட அதே தொலைதூர நிலையங்களின் எண்களை ஒப்பிட வேண்டும். அயனிமண்டலம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரே மாலையின் எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு வாரப் பதிவுகளின் சராசரியில்தான் மண்ணில் விரித்த கம்பிகளின் பலன் தெரியும்.