ஃபோமைட்ஸ்: பொறி விழக் காத்திருக்கும் பஞ்சு

தொற்றுநோய் பற்றிய கட்டுரைகளில் ‘ஃபோமைட்ஸ்’ என்ற சொல் அடிக்கடி வரும். நோயாளி படுத்த பாய், உடுத்திய துணி, குடித்த தம்ளர், பிடித்த கதவுக் கைப்பிடி ஆகியவற்றில் கிருமி ஒட்டியிருந்து, பிறகு தொடுகிறவருக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பொருளுக்கு இந்தப் பெயர். பொருள் உயிரில்லாததாக இருக்க வேண்டும். கொசுவோ எலியோ இதில் சேராது.

லத்தீனில் ‘ஃபோமெஸ்’ என்றால் தீ மூட்டப் பயன்படும் பஞ்சு, சுள்ளி. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டும்போது பொறி விழுவதற்காகப் பக்கத்தில் வைப்பார்களே, அந்தப் பஞ்சு. இதன் பன்மை ‘ஃபோமிட்டேஸ்’. ஆங்கிலக்காரர்கள் அந்தப் பன்மையின் வாலை வெட்டி ‘ஃபோமைட்’ என்று ஓர் ஒருமையைத் தாங்களாக உண்டாக்கிக்கொண்டார்கள். லத்தீனில் அப்படி ஒரு சொல் கிடையாது.

இன்னும் ஒரு படி கீழே போனால் வேர் ‘ஃபோவெரே’. சூடாக வைத்திருப்பது, கோழி முட்டையை அடைகாப்பது போலக் காப்பது என்று பொருள். இந்த வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை நம் ஆஸ்பத்திரிகளில் தினமும் கேட்கலாம்: ஃபோமென்டேஷன், அதாவது ஒத்தடம். கால் சுளுக்குக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற சொல்லும், தொற்று ஒட்டிய போர்வையைக் குறிக்கிற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முதல்முறை அகராதியில் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இந்தப் பஞ்சை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் இத்தாலியின் வெரோனா நகரத்து மருத்துவர் ஜிரோலாமோ ஃபிரகாஸ்டோரோ. சிஃபிலிஸ் நோய்க்கு அந்தப் பெயர் வந்ததும் இவர் 1530இல் எழுதிய கவிதையிலிருந்துதான். 1546இல் தொற்றைப் பற்றி எழுதிய நூலில் நோய் பரவ மூன்று வழிகளைச் சொன்னார்: நேராகத் தொடுவது, தூரத்திலிருந்தே பரவுவது, இரண்டுக்கும் நடுவே துணி, மரச்சாமான் போன்ற பொருள் வழியாகப் பரவுவது. அந்தப் பொருள் தன்னளவில் கெடுவதில்லை. ஆனால் நோயின் வித்தைத் தன்னுள் வைத்துக் காக்கிறது என்றார். நாம் நீறுபூத்த நெருப்பு என்கிறோமே, ஏறக்குறைய அதே படம்தான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே கங்கு இருக்கும்.

பெரியம்மை போன்ற நோய்களுக்கு இந்தக் கருத்து சரியாகவே பொருந்தியது. தவறிப்போனது மஞ்சள் காய்ச்சலில். (இது மஞ்சள் காமாலை அல்ல. காமாலை என்பது தோலும் கண்ணும் மஞ்சளாகிற அறிகுறி. மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிற தனி வைரஸ் நோய். அதில் ஈரல் கெடுவதால் காமாலையும் வரும்.) 19ஆம் நூற்றாண்டு முழுக்க, நோயாளியின் துணியிலும் படுக்கையிலும்தான் இது பரவுகிறது என்று அமெரிக்காவில் பெரும்பாலோர் நம்பினார்கள். துணிமணிகளை எரித்தார்கள். நோய் கண்ட ஊரிலிருந்து வரும் கடிதங்களைக்கூட ஊசியால் துளைத்து உள்ளே புகை ஏற்றினார்கள். இந்த நம்பிக்கையை ஆயுதமாக்கப் பார்த்தவரும் உண்டு. உள்நாட்டுப் போர் நடந்த 1864இல், தெற்குத் தரப்பைச் சேர்ந்த மருத்துவர் லூக் பிளாக்பர்ன், பெர்முடா தீவில் நோயாளிகளின் துணிகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வடக்கு நகரங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்தத் துணியால் ஒருவருக்கும் இந்தக் காய்ச்சல் வந்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியாது, அவர் எதிரிகளுக்கும் தெரியாது.

கியூபாவில் ஒருவர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, இதைப் பரப்புவது ஒரு கொசு என்று 1881இலேயே எடுத்துரைத்தார். இன்று ஏடிஸ் எஜிப்டி என்கிற, நம் ஊரில் டெங்கு பரப்புகிற அதே கொசு. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் சொன்னது எடுபடவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவக் குழு ஹவானாவுக்கு வந்தது. குழுவில் இருந்த ஜெஸ்ஸி லாசியர் அந்த செப்டம்பரில் இதே காய்ச்சலில் இறந்தார். நவம்பரில் அவர் பெயரில் ஊருக்கு வெளியே ஒரு முகாம் அமைத்து, ஃபோமைட்ஸ் கருத்தை நேருக்கு நேர் சோதிக்க இரண்டு மர வீடுகளைக் கட்டினார்கள்.

முதல் வீடு 20 அடிக்கு 14 அடி. ஒரே அறை. காற்றோட்டம் வேண்டுமென்றே குறைவு, உள்ளே அடுப்பு வைத்துப் புழுக்கம் ஏற்றினார்கள். கொசு நுழையாதபடி வலை. நவம்பர் 30 மாலை, ராபர்ட் குக் என்ற இளம் மருத்துவரும் ஃபோக், ஜெர்னிகன் என்ற இரண்டு சிப்பாய்களும் உள்ளே போனார்கள். மூவருக்கும் இந்த நோய் அதற்கு முன் வந்ததில்லை. மூன்று பெரிய பெட்டிகள். அவற்றில் நோயாளிகளின் வாந்தியும் மலமும் பட்ட விரிப்புகள், தலையணை உறைகள், போர்வைகள். ஒவ்வொன்றையும் எடுத்து நன்றாக உதற வேண்டும், விஷம் இருந்தால் அறை முழுக்கப் பரவட்டும் என்பதற்காக. அப்புறம் அதே விரிப்பில் படுக்க வேண்டும். 20 இரவுகள். டிசம்பர் நடுவில் இன்னொரு பெட்டியைத் திறந்தபோது நாற்றம் தாங்காமல் வெளியே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்து, வழக்கம்போல அங்கேயே படுத்தார்கள்.

அவர்கள் வெளியே வந்ததும் அடுத்த இருவர், அவர்களுக்குப் பின் இன்னும் இருவர். நோயாளிகள் போட்டிருந்த சட்டையையே போட்டுக்கொண்டு தூங்கினார்கள். 63 நாள், ஏழு பேர். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

இரண்டாவது வீடு அதே அளவு. காற்றோட்டம் உண்டு, நீராவியில் வெந்த சுத்தமான படுக்கை. நடுவில் கம்பிவலைத் தடுப்பு. ஒரு பக்கம் நோயாளியைக் கடித்த 15 கொசுக்களை விட்டார்கள். டிசம்பர் 21 அன்று, ஜான் மோரன் என்ற எழுத்தர் குளித்துவிட்டு, சுத்தமான உடையில் அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். இதற்காகப் பணம் வாங்க மறுத்தவர் அவர். கிறிஸ்துமஸ் அன்று காய்ச்சல் கண்டது, பிழைத்துக்கொண்டார். வலைக்கு மறுபக்கம், அதே காற்றை சுவாசித்துக்கொண்டு படுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் வீட்டில் தொற்றை உண்டாக்க எடுத்த முயற்சி முழுத் தோல்வி என்று ரீட் எழுதினார். ஒரு மருத்துவ அறிக்கையில் இவ்வளவு நல்ல செய்தியாக ஒரு தோல்வியை நான் படித்ததில்லை. ஹவானாவில் துணியை விட்டுவிட்டுக் கொசுவின் மேல் கவனம் திரும்பியது. தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள், நோயாளியின் அறைக்கு வலை அடித்தார்கள். 1901 முடிவதற்குள் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் ஓய்ந்தது.

கொசுக்கடியில் காய்ச்சல் கண்டவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒன்றும் ஆகாமல் வெளியே வந்த அந்த ஏழு பேரையும் அதே அளவு நினைக்க வேண்டும் என்பது என் கட்சி. உள்ளே போகும்போது ஒன்றும் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியாது. 1929இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பதக்கமும் மாதம் 125 டாலர் உதவித்தொகையும் அறிவித்தபோது, குக், ஃபோக், ஜெர்னிகன் பெயர்களும் பட்டியலில் இருந்தன. ஆனால் அதே முகாமில் சோதனைக்கு உட்பட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 100 டாலர் தங்கத்துக்காகக் கொசுக்கடிக்குக் கை நீட்டிய ஸ்பானியக் குடியேறிகளின் பெயர்கள் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்த ஒப்பந்தங்களும் கடிதங்களும் இன்று நமக்குக் கிடைப்பதற்குப் பெரிய காரணம் ஃபிலிப் ஹெஞ்ச். 1950இல் நோபல் பரிசு பெற்ற மூட்டுவாத மருத்துவர். பல ஆண்டுகள் பழைய ஆட்களைத் தேடிப் பேசி, காகிதங்களைச் சேர்த்து, முகாம் இருந்த இடத்தையும் முதல் வீட்டையும் கியூபாவில் கண்டுபிடித்தார். 1952இல் அங்கே நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அவர் சேர்த்தவை இப்போது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒட்டுவாரொட்டி’ என்ற அழகான பழைய சொல் உண்டு; ஆனால் அது ஒட்டுகிறவரை ஒட்டும் நோயைக் குறிப்பது, பொருளை அல்ல. ‘தொற்றுப்பொருள்’ எளிது, என்றாலும் கிருமியையே சொல்கிறார்களோ என்ற மயக்கம் வரும். கடத்தி என்பது கொசுவுக்குப் போய்விட்டது. இலங்கையில் அதையே நோய்க்காவி என்பார்கள், நுளம்பு ஒரு நோய்க்காவி. கடத்துவதும் காவுவதும் நகர்ந்து செய்கிற வேலை. போர்வை நகராது, வைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் ‘தொற்றேந்தி’ என்பதைத்தான் நான் எழுதுகிறேன். ஏந்துவது என்றால் தாங்கி வைத்திருப்பது. லத்தீன் பஞ்சும் அதைத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை: எந்தப் பொருளும் பொதுவாகத் தொற்றேந்தி ஆகிவிடாது, இன்ன நோய்க்கு என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2020இல் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவி, செய்தித்தாளை வெயிலில் காயவைத்தோம். தொற்று ஒட்டிய பரப்பை ஒருமுறை தொட்டால் கொரோனா வரும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. பெரியம்மை நோயாளியின் போர்வை பெரியம்மைக்குத் தொற்றேந்தி. குக் உதறிய விரிப்பு, எவ்வளவு நாறினாலும், மஞ்சள் காய்ச்சலுக்குத் தொற்றேந்தி அல்ல. அந்த நோய்க்கு இருப்பது கடத்தி மட்டுமே.