மண்ணுக்குப் பதில் ஸ்பிரிங்: பக்கவாட்டில் தள்ளப்படும் பைலின் கணக்கு

கப்பல் வந்து முட்டும் படகுத்துறை, காற்று தள்ளும் டவர், பூகம்பத்தில் ஆடும் பாலம்: இவற்றைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களான பைல்கள் சுமையைக் கீழே இறக்கினால் மட்டும் போதாது, பக்கவாட்டுத் தள்ளலுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்போது எதிர்த்து நிற்பது சுற்றியிருக்கும் மண். அதை அப்படியே கணக்கில் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் 1867-இல் ஜெர்மன் பொறியாளர் விங்க்ளர் காட்டிய குறுக்குவழியையே இன்றும் பிடித்துக்கொள்கிறோம். மண்ணை எடுத்துவிட்டு, பைலின் நீளம் முழுக்க ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஸ்பிரிங்குகளை வைத்துவிடுவது. பச்சைப் பொய்தான், ஓரிடத்தில் மண்ணை அழுத்தினால் பக்கத்து மண்ணும் நகரத்தான் செய்யும். ஆனாலும் கணக்கு பெரும்பாலும் உதவுகிறது.

மணலில் ஆழம் போகப்போக மேலிருக்கும் எடை மண்ணை இறுக்குவதால் விறைப்பும், அதாவது நகர்வை எதிர்க்கும் தன்மையும், கூடும். ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு 'ஈட்டா-எச்' என்று ஓர் எண் உண்டு. அதை ஆழத்தாலும், ஸ்பிரிங்குகளுக்கு இடையிலான தூரத்தாலும் பெருக்கினால் ஸ்பிரிங் விறைப்பு கிடைத்துவிடும். ஈட்டா-எச் 5000 கிலோநியூட்டன்/கனமீட்டர் என்றால், 2 மீட்டர் ஆழத்தில், அரை மீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு 5000 கிலோநியூட்டன்/மீட்டர். பைலின் விட்டம் இதில் வரவே வராது.

சரி, அந்த 5000 எங்கிருந்து வருகிறது? இங்கேதான் சங்கடம். நீரில் மூழ்கிய நடுத்தர மணலுக்கு பைல்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 தருவது 1400 முதல் 5000 வரை. மூன்றரை மடங்கு வித்தியாசம்! எதை எடுப்பது?

600 மி.மீ. விட்டமுள்ள எம்25 தரக் கான்கிரீட் பைலை எடுத்துக்கொள்வோம். அதன் வளைவு விறைப்பை (வளைய மறுக்கும் அளவை) ஈட்டா-எச்சால் வகுத்து, ஐந்தாம் மூலம் எடுத்தால் 'விறைப்புக் காரணி' என்ற ஒரு நீளம் கிடைக்கும். 5000-க்கு அது சுமார் 2 மீட்டர், 1400-க்கு சுமார் 2.6 மீட்டர். ஐந்தாம் மூலம் அந்த மூன்றரை மடங்கை இவ்வளவுதான் விட்டுவைக்கிறது. நீண்ட பைலில், தரைமட்டத்தில் தள்ளும் விசைக்கு, பைலை வளைக்கப் பார்க்கும் வளைவுத் திருப்புத்திறன் இந்த நீளத்தோடு நேராக ஏறும். ஆக, பைலுக்குள் வைக்கும் கம்பியின் கணக்கில் வருவது 30 சதவீதத்துக்குள்ளான வித்தியாசம். பைலின் தலைப்பகுதி நகர்வதோ அந்த நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது; அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கம்பி வைக்க ஈட்டா-எச்சைத் தோராயமாகப் பிடித்தாலும் சமாளிக்கலாம். நகர்வுக்கு வரம்பு போட்டிருக்கும் வேலையில் அது நடக்காது. குறைந்த மதிப்பை வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

விறைப்புக் காரணியைப் போல நான்கு மடங்கு நீளத்துக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்குகள் பெயருக்குத்தான். மேலேயுள்ள சில மீட்டர் மண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரிப்பு அதை எடுத்துச்சென்றால் போனது சாதாரண மண் இல்லை.

தள்ளல் அதிகமானால் ஸ்பிரிங் நேர்கோட்டில் நடந்துகொள்ளாது, மண் தளர்ந்துகொண்டே போகும். டெக்சாஸின் மஸ்டாங் தீவு மணலில் 610 மி.மீ. எஃகு பைல்களைத் தள்ளிப் பார்த்து, ரீஸும் கூட்டாளிகளும் 1974-இல் வெளியிட்ட 'பி-ஒய்' வளைவுகள் (மண்ணின் எதிர்ப்பு பி, பைலின் நகர்வு ஒய்) இதற்காகத்தான். அப்புறம், பைல்கள் நெருக்கமாக நின்றால் முன்வரிசை நகர்ந்த மண்ணில்தான் பின்வரிசை சாயும். பின்வரிசையின் ஸ்பிரிங்குகளைக் குறைத்தே போட வேண்டும்.