பெயர் பழையது, வண்டி புதியது: மிட்சைஸ் பிக்கப்புகளை எப்படி ஒப்பிடுவது?

பின்னால் திறந்த சரக்குத் தொட்டி கொண்ட நடுத்தர அளவு (மிட்சைஸ்) பிக்கப்பான டொயோட்டா டகோமாவின் 2023 மாடலையும் 2024 மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமெரிக்காவில் பரவலாக விற்ற ரகங்களில் ஒரு எண் மட்டும் மாறவில்லை: 278 குதிரைத்திறன். மற்றதெல்லாம் மாறிவிட்டது. 2023இல் இருந்தது 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின். 2024இல் வந்தது 2.4 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி வைத்த எஞ்சின். பின்சக்கர டிரம் பிரேக் போய் டிஸ்க் வந்தது. சேஸ் (அடிச்சட்டம்) புதிது. பெரும்பாலான ரகங்களில் பின்பக்க லீஃப் (பட்டை) ஸ்பிரிங் இருந்த இடத்தில் காயில் (சுருள்) ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. "டகோமா என்றால் எத்தனை லட்சம் மைலும் ஓடும்" என்ற நம்பிக்கையில் இன்று ஷோரூமுக்குப் போகிறவர், அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த இயந்திரத்தை வாங்கவில்லை. அதன் பெயர்ப்பலகையைத் தாங்கிய வேறொன்றை வாங்குகிறார்.

மற்ற வண்டிகளும் இப்படித்தான். ஃபோர்டு ரேஞ்சர் 2011இல் அமெரிக்கச் சந்தையைவிட்டுப் போய், 2019இல் பெரிய உடம்போடு திரும்பியது. பழைய ரேஞ்சரோடு அதற்கு உள்ள உறவு பெயரளவில்தான். செவ்ரோலே கொலராடோ 2023இல் வி6, டீசல் இரண்டையும் கைவிட்டு 2.7 லிட்டர் டர்போவுக்கு மாறியது. நிசான் ஃபிரான்டியர் மட்டும் நிதானமாக நகர்ந்தது. 2022இல் உடல் புதிதானாலும் அடியில் உள்ள சேஸின் வம்சம் 2005 மாடலிலிருந்து தொடர்கிறது. ஆக, ஒரு பிராண்டைப் பற்றி நம்மிடம் இருக்கும் அனுபவத்துக்கு ஆயுள் உண்டு. அந்தத் தலைமுறை வண்டி உற்பத்தியில் இருக்கும்வரைதான் அது செல்லும்.

கதவு ஓரத்து ஸ்டிக்கர்

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இழுவைத் திறன். கொலராடோ 7,700 பவுண்டு, ரேஞ்சர் 7,500, புதிய டகோமா 6,500, ஹோண்டா ரிட்ஜ்லைன் 5,000. சண்டையெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் நடக்கிறது. நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் அல்ல, சுமைத்திறன்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்கள், சரக்கு இரண்டின் மொத்த எடையும் இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையிலிருந்து அந்த வண்டியின் சொந்த எடையைக் கழித்து வந்த எண் இது, இதுதான் சுமைத்திறன். வண்டிக்கு வண்டி இது மாறும். ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஆனால் ஒன்றில் சன்ரூஃப், நாலு சக்கர இயக்கம், தடித்த டயர் என்றால் அதன் எண் நூற்றுக்கணக்கான பவுண்டு குறையலாம். விலை கூடிய ரகத்தில் சுமைத்திறன் குறைவாக இருப்பதைக் கண்டு பலர் அதிர்கிறார்கள். காரணம் வெறும் கழித்தல் கணக்கு.

ஒரு வண்டியின் ஸ்டிக்கர் 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 6,000 பவுண்டு டிரெய்லரை மாட்டுகிறோம். டிரெய்லர் அலையாமல் வர வேண்டுமானால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (வண்டியில் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுந்த வேண்டும். 12 சதவீதம் என்றால் 720 பவுண்டு. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் கருவி சுமார் 80. மிச்சம் 400. தலா 180 பவுண்டில் இரண்டு பெரியவர்கள் ஏறினால் மிச்சம் 40. பின்சீட்டில் பிள்ளைகள் ஏறினால் கணக்கு உடைந்துவிடும், தொட்டியில் ஒரு பெட்டிகூட வைக்காமலே.

அப்படி உடைந்தால் என்ன ஆகும்? பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டீயரிங் லேசாகும், பிரேக் தூரம் நீளும். இதைச் சரிக்கட்ட டிரெய்லருக்குள் சரக்கைப் பின்னுக்குத் தள்ளுவது மிக ஆபத்தான தவறு. ஹிட்ச் மேல் உள்ள எடை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், ஒரு பக்கக் காற்றோ பெரிய லாரி கடக்கும்போது வரும் தள்ளலோ போதும், டிரெய்லர் பாம்பாக ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் தானாக அடங்காமல் வளரும். பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் கொஞ்சம் எடையை முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் திருப்பிவிடும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது உயர்த்தாது.

இழுவை எண் பொய்யும் அல்ல. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே2807 என்ற பொதுச் சோதனைமுறை வந்த பிறகு அதற்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. அரிசோனாவில் டேவிஸ் டேம் அருகே 11.4 மைல் நீளும் மலையேற்றத்தை, வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுக்க வைத்து, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னும் ஐந்தைந்து முறை கிளம்ப வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் உள்ளே இருப்பதாகக் கணக்கிடுவது தலா 150 பவுண்டில் இரண்டே பேரை. குடும்பம், நாய், கூலர் பெட்டி எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை.

ஒரே 278, இரண்டு சுபாவம்

பழைய டகோமா வி6இன் உச்ச முறுக்குவிசை 265 பவுண்டு-அடி, அது கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4,600 சுற்று சுழலும்போது. புதிய டர்போவில் 317, அதுவும் 1,700 சுற்றிலேயே. பாரத்தோடு மேடேறும்போது வி6 இரண்டு கியர் இறங்கி அலறும். டர்போ இருந்த கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கி வருவது. உச்சத்தில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தாலும், ஓட்டுபவர் பெரும்பாலான நேரம் இருப்பது உச்சத்தில் அல்ல.

உயரமான இடங்களில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கம் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 30 சதவீதம் அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தன் பங்கு காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்பதால் சக்தியும் அதே அளவில் சரியும். ஃபிரான்டியரின் 3.8 லிட்டர் வி6 தரும் 310 குதிரைத்திறன் அங்கே 220 சொச்சமாகிவிடும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

அதற்கு விலை வெப்பம். பாரம் இழுத்து மேடேறி முடித்த கையோடு சாவியைத் திருப்பி அணைத்தால், சிவக்கக் காய்ந்த டர்போவின் தாங்கியில் தேங்கிய எண்ணெய் கருகும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது. டர்போ எஞ்சினில் எண்ணெய் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடக் கூடாது. சமவெளியில் காலியாக ஓட்டும்போது மைலேஜ் நன்றாகத் தெரியும். பாரம் ஏற்றினால் டர்போ அழுத்தம் கூடி எரிபொருளும் அதற்கேற்பப் போகும், "சின்ன எஞ்சின்தானே" என்ற கணக்கு பொய்த்துவிடும். தட்டையான ஊரில் குறைவாக இழுப்பவருக்கு ஃபிரான்டியரின் எளிய வி6 இன்னும் நல்ல தேர்வுதான். பாகம் குறைந்தால் பழுதாகும் இடமும் குறைகிறது.

பின் ஸ்பிரிங்கிலும் இதேபோன்ற பேரம் உண்டு. பின்பக்கம் காலியில் 700 கிலோவைத் தாங்கும் வண்டியில் 500 கிலோ ஏற்றுகிறோம் என்றால், நிறைபாரத்தில் நொடிக்கு 1.5 முறை என்று நிதானமாக அசையும்படி அமைத்த ஸ்பிரிங், காலியில் நொடிக்கு ஏறக்குறைய 2 முறை துள்ளும். பயணக் காரைவிட அது தெளிவாக வேகமான துள்ளல். காலிப் பிக்கப் முதுகை உலுக்குவது தரக்குறைவால் அல்ல, பாரத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதால். லீஃப் ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னச் சின்ன மேடுகளை அது விழுங்காது. காயில் ஸ்பிரிங் மென்மையானது, ஆனால் ஆக்ஸிலைப் பிடிக்கத் தனித் தண்டுகள் வேண்டும், ஒவ்வொரு தண்டின் முனையிலும் தேயும் ரப்பர் புஷ் உண்டு.

ரிட்ஜ்லைனை "அது டிரக்கே இல்லை" என்று ஒதுக்குவார்கள். தனிச் சேஸ் இல்லாமல் காரைப் போல ஒரே கூடாகக் கட்டியது அது. ஆனால் அதன் சுமைத்திறன் சுமார் 1,500 பவுண்டு, சேஸ் வைத்த எதிரிகளின் பல ரகங்களைவிட அதிகம். கனமான டிரெய்லர் இழுப்பவருக்கும் பாறைமேல் ஏறுபவருக்கும் அது பொருந்தாது. வாரம்தோறும் உரமூட்டையும் பலகையும் ஏற்றுபவருக்குப் பொருந்தும். ஒதுக்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு பழைய காயங்கள்

பிராண்ட் மேல் பயம் எப்படிப் பிறக்கிறது, எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதற்கு இரண்டு பழுதுகள் நல்ல சான்று.

2005 முதல் 2010 வரையிலான ஃபிரான்டியர்களில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருந்தது. அது விரிசல் விட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கியர்பாக்ஸுக்குள் போகும். கூலன்ட்டிலுள்ள கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் கியர்பாக்ஸின் உராய்வுத் தட்டுகளை ஒட்டிவைத்த பசையை இளக்கிவிடும். எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போல் மாறியிருந்தால் கியர்பாக்ஸ் பெரும்பாலும் போனதுதான். இந்த வயது வண்டியைப் பழையதாக வாங்குகிறவர் முதல் வேலையாக ரேடியேட்டரை மாற்ற வேண்டும், அல்லது கியர்பாக்ஸுக்குத் தனிக் கூலர் போட்டு ரேடியேட்டர் வழியைத் துண்டிக்க வேண்டும்.

டகோமாவில் சிக்கல் சேஸ் துரு. பூச்சு சரியாக ஒட்டாத இடங்களில், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு கலந்த சேறு தேங்கி, உலோகத்தை உள்ளிருந்து அரித்தது. 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களும் வேறு இரு மாடல்களும் அடங்கிய வழக்கில், 340 கோடி டாலர்வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு டொயோட்டா ஒப்புக்கொண்டது. பழைய வண்டியின் அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் தொங்கும் இடம், ஸ்டெப்னி மேலுள்ள குறுக்குக் கம்பி ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சத்தம் தரும், சில நேரம் சுத்தியல் உள்ளேயே போய்விடும். வெளியே புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்ட வேண்டும்.

இரண்டு பழுதும் உண்மை, இரண்டும் பெரியவை. ஆனால் ஃபிரான்டியரின் புகழ் பாதிக்கப்பட்டது, டகோமாவின் புகழ் அசையவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு உலோகத்தில் விடை கிடையாது.

விசுவாசம் எங்கிருந்து வருகிறது?

1957இல் அமெரிக்காவில் புதுக் கார் வாங்கியவர்கள் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வாங்கி முடித்த பிறகும், வாங்கலாமா என்று யோசித்துக் கைவிட்ட காரின் விளம்பரத்தைவிடத் தாம் வாங்கிய காரின் விளம்பரத்தையே அவர்கள் அதிகம் படித்தார்கள். முடிவெடுத்த மனம் அந்த முடிவு சரி என்பதற்கு ஆதாரம் தேடும். அதே ஆண்டு லியோன் ஃபெஸ்டிங்கர் முன்வைத்த மனமுரண் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது: செலவு பெரிதாக இருந்தால் தேடலும் தீவிரமாகும்.

வீட்டிலிருந்தும் அது வருகிறது. அமெரிக்கக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த தரவை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோர் அண்மையில் வாங்கிய பிராண்டையே பிள்ளைகளும் வாங்கும் வாய்ப்பு 39 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இதைவிட ஆழமான சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பிராண்டில் நூற்றுக்கு 5 வண்டிக்கும் இன்னொன்றில் 8 வண்டிக்கும் பெரிய பழுது வருகிறது என்று கொள்வோம். தயாரிப்பாளருக்கு அது பெரிய வேறுபாடு. ஆனால் ஒன்றில் 95 பேரும் மற்றதில் 92 பேரும் "என் வண்டி ஒரு தொல்லையும் தந்ததில்லை" என்றுதான் சொல்வார்கள், அத்தனை பேரும் உண்மையே சொல்வார்கள். இந்த வேறுபாட்டை ஓரளவு உறுதியோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,000 வண்டிகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் வாழ்நாளில் வாங்கும் பிக்கப் ஐந்தோ ஆறோ.

விசுவாசம் முழுக்கக் குருட்டுத்தனம் அல்ல. பழகிய மெக்கானிக், தொட்டிக்கு ஏற்கெனவே வாங்கிய மூடி, மறுவிற்பனை விலை எல்லாம் உண்மையான பணம். டகோமா பழையதாகவும் நல்ல விலைக்குப் போகும் என்பது மற்றவர்களின் நம்பிக்கையால் உருவானதானாலும், விற்கும் நாளில் கைக்கு வருவது காசுதான். இவற்றையும் கணக்கில் எழுதலாம், தனி வரியாக.

ஒப்பிடும்போது வரிசை முக்கியம். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே நான்கு எண்களை எழுதிவிடுங்கள்: ஏறும் ஆட்களின் எடை, தொட்டியில் வழக்கமாக ஏற்றுவது, டிரெய்லர் இருந்தால் சரக்கோடு அதன் எடை, ஆண்டுக்கு எத்தனை நாள் இழுப்பது. பிறகு, வாங்கப்போகும் அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், அதே ரகத்தின் வேறொரு வண்டியுடையதை அல்ல. முடிந்தால் குடும்பத்தோடு ஏறி, தொட்டியில் 300 பவுண்டாவது வைத்து, மேடும் பள்ளமுமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். காலியில் பத்து நிமிடம் ஓட்டினால் மென்மையான ஸ்பிரிங்தான் ஜெயிக்கும். வீட்டுக்கு வந்ததும் எண்களை அ, ஆ, இ என்று மட்டும் தலைப்பிட்டு ஒரு தாளில் எழுதி, வண்டிகளை ஓட்டிப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எதைச் சுட்டுகிறார் என்று பார்த்த பிறகு பெயர்களை நிரப்பலாம்.