சுவிட்சுக்குக் கீழே எவ்வளவு எழுதலாம்?

"தம்பி, பாக்கெட்டுல 105 ரூபா போட்டிருக்கு. பில்லுல 110.25 வருது. வாங்குறவங்க சண்டைக்கு வர்றாங்க."

மதுரை கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போனில் சொன்னது இது. கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். உடனே போய்ப் பார்த்தேன். மென்பொருள் திரையில் 'வரி உள்ளடக்கிய விலை நிர்ணயம்' என்ற சுவிட்ச் ஆஃபில் இருந்தது. அது 5 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள பொருள். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலைதான். 105-இல் பொருளுக்கு 100, வரிக்கு 5. சுவிட்ச் ஆஃபில் இருந்ததால் மென்பொருள் 105-க்கு மேல் இன்னொரு 5.25 ஏற்றிவிட்டது. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். அந்தப் பழி அண்ணாச்சி மேல் விழுந்திருக்கும்.

சுவிட்சுக்குக் கீழே ஆறு வரியில் விளக்கம் இருந்தது. படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் கீழயும் பொடிப் பொடியா எழுதியிருக்கு தம்பி. எதைன்னு படிக்க?"

நியாயமான கேள்வி. 'கடையின் பெயர்' கட்டத்துக்குக் கீழேகூட 'உங்கள் கடையின் பெயரை இங்கே உள்ளிடவும்' என்று எழுதியிருந்தோம். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான், படிக்க வேண்டியதையும் கண் தாண்டிப் போகிறது.

அன்றே மாற்றினோம். சுவிட்சின் பெயர்: 'எம்.ஆர்.பி.யில் வரி சேர்ந்திருக்கிறது'. கீழே: 'ஆன்: 105 ரூபாய்ப் பொருளுக்கு பில் 105. ஆஃப்: பில் 110.25.' அவ்வளவுதான். விளக்கம் ஒரு பத்திக்கு நீண்டால், இப்போதெல்லாம் முதலில் பெயரைத்தான் சந்தேகப்படுகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் சுருக்கிவிடவும் கூடாது. பில் எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்கும் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு பில்லுக்கு வரக் கூடாது. ஏப்ரல் 1 அன்று அழுத்தினால் சரி. அக்டோபரில் யாராவது தெரியாமல் அழுத்திவிட்டால், ஆடிட்டர் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகப் பிரிக்க வேண்டியிருக்கும். இதற்கு நாலு வரி எழுதினாலும் தகும். அதையும் பட்டனுக்கு மேலேயே எழுதுங்கள். அழுத்திய பிறகு காட்டி என்ன பயன்?

இடமும் முக்கியம். மவுஸை மேலே வைத்தால் மட்டும் தெரியும் விளக்கம் போனில் விரலுக்கு எட்டாது. கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் எழுதினால், டைப் செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். அப்புறம், தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதை மறந்து இடம் ஒதுக்கினால் 'வரி உள்ளட...' என்று பாதியில் நிற்கும்.

இப்போது எதையும் வெளியிடுவதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடம் காட்டி, "இதை ஆன் பண்ணா பில்லுல என்ன மாறும்?" என்று கேட்கிறோம். விளக்கத்தை மறைத்துவிட்டுக் கேட்டும் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த விளக்கத்தை எடுத்துவிடுகிறோம். போன வாரம் அதே கடையில் பில் போடும் பையனிடம் புதுப் பக்கத்தைக் காட்டினேன். 'கடையின் பெயர்' விளக்கம் காணாமல் போனதை அவன் கவனிக்கவே இல்லை. எம்.ஆர்.பி. சுவிட்சில் மட்டும் ஒரு நொடி நின்றான்.

"இது ஆன்லயே இருக்கட்டும்ணே. 105-க்கு 105தான் வரணும்."