மஞ்சள் ஆட்காட்டியின் நான்கு முட்டைகள்

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டிப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு ஆட்காட்டிப் பறவையின் சத்தம் புதிதில்லை. தரவை என்கிற புல்வெளியில் கால் வைத்தால் போதும், தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊரையே கூட்டிவிடும். நாங்கள் ஒரே பெயரால் கூப்பிட்டாலும் இங்கே இரண்டு இனங்கள் இருக்கின்றன. வயல், குளக்கரை என்று தண்ணீரை அண்டித் திரிவது சிவப்பு மூக்கு ஆட்காட்டி. காய்ந்த புல்தரையே போதும் என்று இருப்பது மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. இரண்டுக்கும் 1783இல் அறிவியல் பெயர் வைத்தவர் போடார்ட் என்ற ஒல்லாந்தர்.

'மஞ்சள் மூக்கு' என்ற பெயரை நம்பித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதன் அலகு கறுப்பு, அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். கண்ணுக்கு முன்னால் தொங்கும் சதை மடல்தான் பளிச்சென்ற மஞ்சள். தலையில் கறுப்புத் தொப்பி, அதன் கீழ்விளிம்பில் கண்ணிலிருந்து பிடரிவரை ஒரு வெள்ளைக் கோடு. முதுகும் நெஞ்சும் மண் நிறம், வயிறு வெள்ளை, நீண்ட மஞ்சள் கால். சிவப்பு மூக்குக்கு நெஞ்சு கறுப்பு, மடலும் அலகும் சிவப்பு, உடம்பும் பெரிது. தூரத்தில் நின்று பார்க்கிறீர்களா? நெஞ்சைப் பாருங்கள், அது போதும்.

மஞ்சளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடி ஓடும். பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பறவை அது. அசையாமல் நின்றால்தான் புல்லுக்குள் அசைகிற வண்டு தெரியும். அது நிற்கிற அந்த நொடியில் எங்கள் கண்ணுக்கு மண்ணோடு மண்ணாகிவிடும்.

இனி முட்டை. கூடு என்று ஒன்றும் கிடையாது. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிவர நாலு கூழாங்கல், அவ்வளவுதான். பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனைகள் நடுவில் சந்திக்கிற மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். அப்படி அடுக்கினால்தான் அதன் சின்ன வயிற்றுக்கு அடியில் நான்கும் அடங்கும். மண் நிற ஓட்டில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. அந்தத் திட்டுகள் முட்டையின் உருண்டை விளிம்பைத் துண்டுதுண்டாக உடைத்துவிடுவதால், நரி பார்த்தாலும் காகம் பார்த்தாலும் தெரிவது நாலு கல்தான்.

நிழலே இல்லாத வெளியில் நண்பகல் வெயிலை முட்டை எப்படித் தாங்குகிறது? அந்த நேரத்தில் தாய்ப்பறவை அடைகாப்பதில்லை, குடை பிடிக்கிறது: முட்டைக்கு மேலே நின்று தன் நிழலை விழுத்துகிறது. சூடு இன்னும் ஏறினால் தண்ணீர் கிடக்கிற இடத்துக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். ஈரம் ஆவியாகும்போது முட்டையின் சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

அப்புறம் அந்தக் கூச்சல். ஆளைக் கண்டதும் முட்டையைவிட்டு எழும்பிச் சத்தம் போடாமல் நடந்து தள்ளிப்போகும். பிறகுதான் பறந்து கத்தத் தொடங்கும். கத்துகிற இடத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே நடக்கும். தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டால் அப்படியே தரையோடு படுத்துவிடும். ஒருநாள் மாட்டுச்சாணி என்று நினைத்து ஒன்றைத் தாண்டக் காலைத் தூக்கினேன். அது கண்ணைச் சிமிட்டியது.